எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லுங்கள்

சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகளுக்கும், மணலி, எண்ணூர் பகுதியில் ஆலை நடத்துகிற நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் எங்காவது வாயு கசிந்தால் அடுத்த சில மணி நேரத்தில் உங்களில் ஒருவரிடமிருந்து ஒரு அறிக்கை வரும், அதில் "பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்ற வரி கட்டாயம் இருக்கும். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன், இந்த வரியைப் பல முறை படித்துவிட்டேன். பீதியடைய வேண்டாம் என்கிறீர்கள், சரி, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரு முறைகூட எங்களுக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2023 டிசம்பர் 26 இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூரில் ஒரு உர ஆலைக்குக் கப்பலில் இருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய், கப்பல் வருவதற்கு முன்னால் அதைக் குளிர்விக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, கரைக்குப் பக்கத்திலேயே கசிந்தது. நள்ளிரவை ஒட்டிய நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்தது சைரன் கேட்டு இல்லை, மூக்கிலும் கண்ணிலும் ஏறிய நெடியால்தான் எழுந்தோம் என்று அவர்களே அன்று சொன்னார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே சாலைக்கு வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத்திணறலோடும் கண் எரிச்சலோடும் மருத்துவமனைக்குப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்று இரவு ஆலை வாசலில் அளந்தபோது காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்தது, இருக்க வேண்டிய வரம்பு 400. குழாய்க்குப் பக்கத்துக் கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், அங்கே வரம்பு 5. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் கசிவு சீக்கிரம் நின்றதால் கிடைத்த ஆறுதல் அது, நம் ஏற்பாட்டால் கிடைத்தது இல்லை.

அந்தத் தேதியையும் கவனியுங்கள். சுனாமி வந்து சரியாக 19 வருடம் முடிந்த நாள் அது. அன்று காலையில் கடற்கரைக் குப்பங்களில் கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்தியவர்கள்தான் அன்று இரவே மறுபடியும் கடற்கரையை விட்டு ஓடினார்கள். 2004-ல் கடல் வந்தபோது எச்சரிக்கை என்று எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு மூன்றே வருடத்தில், 2007-ல், ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்பட ஆரம்பித்தது. சுமத்ராவுக்குப் பக்கத்தில் நிலநடுக்கம் வந்தால் இன்றைக்குச் சில நிமிடங்களில் தகவல் வருகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதை எங்களுக்குச் சொல்ல வழி இருக்கிறது, தெருமுனையில் இருக்கும் குழாய் கசிந்தால் சொல்ல வழியில்லை என்பதை எந்தக் குப்பத்து மக்களிடம் போய் விளக்குவீர்கள்?

போபால் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒரு பகுதியை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு ஆலைத் தொட்டியிலிருந்து வெளியேற ஆரம்பித்த பிறகு, ஊருக்குக் கேட்கும் சைரன் கொஞ்ச நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மறுபடி முழுதாக ஒலித்தபோது வாயு குடிசைப் பகுதிகளுக்குள் புகுந்துவிட்டது. ஜனங்கள் ஓடினார்கள், பலர் காற்று போகும் திசையிலேயே ஓடினார்கள், ஓடும்போது மூச்சு வேகமாக இழுக்கும், அதனால் விஷமும் அதிகமாக உள்ளே போனது. ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகியிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருக்கலாம் என்பது பின்னால் பலரும் சொன்னது. அந்த ஒரு வரியை யாரும் அந்த மக்களுக்கு முன்னால் சொல்லியிருக்கவில்லை.

இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் ஆர்.ஆர்.வெங்கடாபுரத்தில் ஒரு ஆலையிலிருந்து, பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். அங்கே ஆலையில் சைரன் அடிக்க 36 இடங்களில் வசதி இருந்தும் ஒன்றுகூட அடிக்கப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு சொன்னது. சைரன் வாங்கி மாட்டியிருந்தார்கள், அதை அடிக்கும் பழக்கம்தான் இல்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே சுருண்டு விழுந்த வீடியோக்களை அன்று காலை நாடே பார்த்தது.

எங்கள் பக்கத்து மீனவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்' என்ற பேச்சை அதிகாரிகள் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். காற்றைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாடை அடிக்கிறதா, கொண்டல் அடிக்கிறதா, கச்சான் எப்போது திரும்பும் என்பது வீட்டு வாசலில் நின்றே அவர்களுக்குத் தெரியும், அதை நம்பித்தான் தினமும் கட்டுமரமும் ஃபைபர் படகும் கடலுக்குள் போகின்றன. அவர்களுக்குத் தெரியாதது இரண்டே விஷயம்தான்: எங்கே கசிகிறது, என்ன கசிகிறது. அந்த இரண்டையும் நீங்கள் சொல்லிவிட்டால், காற்று எந்தப் பக்கம் அதைத் தள்ளும், எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதை உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு முன்னாலேயே அவர்கள் சொல்லிவிடுவார்கள். டிசம்பரில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், அதாவது கடலில் கசிந்தது நேராக ஊருக்குள்தான் வரும். அந்த மாதத்தில் கடலோரத்தில் கசிந்தால் என்ன செய்வது என்று ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால்கூட அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்ன வாயு என்று சொல்ல வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், வாயுவுக்கு வாயு செய்ய வேண்டியது மாறுகிறது. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால்தான் ஈரமான இடங்களான கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் முதலில் தாக்குகிறது, அதே காரணத்தால்தான் ஈரத்துணி மூக்கில் இருந்தால் கொஞ்சமாவது தடுக்கிறது, கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்கிறார்கள். அது காற்றைவிட லேசானதுதான், ஆனாலும் மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவமாக வெளியே வரும்போது வெண்புகையாகத் தரையோடு தவழும், அந்தப் புகைக்குள் மட்டும் போகவே கூடாது. குளோரின் அப்படி இல்லை, காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்திலும் தரைத்தளத்திலும் தங்கும், அது கசிந்தால் மாடிக்கு ஏற வேண்டும். சமையல் எரிவாயுவும் கனமானதுதான், அங்கே பயமே வேறு, ஒரு சுவிட்சைப் போட்டாலும் தீப்பிடிக்கும். ஒரே ஊரைச் சுற்றி இத்தனை விதமான தொட்டிகளை வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து "பீதியடைய வேண்டாம்" என்று ஒரே பதிலைச் சொன்னால் அது எப்படி எங்களைக் காப்பாற்றும்?

என்ன வாயு என்றே தெரியாமல் இருப்பது எப்படிப்பட்ட பயம் என்பதையும் திருவொற்றியூர் பார்த்திருக்கிறது. 2024 அக்டோபர் 25 அன்று ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குத் திடீரென்று தொண்டை எரிச்சலும் மயக்கமும் வந்து பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு வண்டி வந்தது. பத்து நாள் விடுமுறைக்குப் பிறகு நவம்பர் 4-ஆம் தேதி பள்ளி திறந்த அன்றே மறுபடியும் சில பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஆனது. பள்ளிக்குள்ளிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று பெற்றோர் கேட்ட கேள்விக்கு அந்த நாட்களில் தெளிவான பதில் யாரிடமும் இல்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எந்த வாசனை வந்தாலும், சாக்கடையோ பெயின்டோ எதுவானாலும், அம்மாக்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள், வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வாயுவின் பெயரைச் சொன்னார்கள். அதை வதந்தி என்று திட்டுவது சுலபம். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் பேசாமல் இருந்தால் அந்த இடத்தை வேறு ஏதாவது நிரப்பத்தான் செய்யும்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும், எல்லாம் ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள், அதன்படி ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை அதைப் பற்றித் தொழிலாளிகளுக்கு மட்டுமில்லை, சுற்றியிருக்கும் பொதுமக்களுக்கும் தகவல் சொல்லியாக வேண்டும் என்று ஆனது. 1989-ன் அபாயகர வேதிப்பொருள் விதிகளில், ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டமும், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்பதும் இருக்கிறது. 1996-ன் வேதி விபத்து விதிகள் மாவட்டத்துக்கு ஒரு நெருக்கடிக் குழு, அதற்குக் கீழே உள்ளூர் அளவில் ஒரு குழு என்று சொல்கின்றன, மாவட்டக் குழுவின் தலைவர் ஆட்சியர்தான். இத்தனை வருடம் ஆன பிறகும், நான் கேட்டுப் பார்த்த எங்கள் தெருக்காரர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. அலுவலக அலமாரியில் ஒரு திட்டம் இருக்கலாம். அது யாருடைய உயிருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் வீட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

அந்தத் திட்டத்தை எழுதும்போது தயவுசெய்து ஒரு முறை ஊருக்குள் நடந்து வாருங்கள். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு, கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்பது பல நாடுகளில் முதலில் சொல்லும் அறிவுரை, நல்ல அறிவுரைதான், கான்கிரீட் வீட்டுக்கு. ஓட்டுக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட வீட்டில் கதவைச் சாத்தினாலும் கூரை வழியாகக் காற்று வரும். அப்படியானால் அந்தத் தெருக்காரர்கள் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், அதன் சாவி இரவு பன்னிரண்டு மணிக்கு யாரிடம் இருக்கும்? வெளியேறுங்கள் என்று சொன்னால் எந்த வழியாக? எண்ணூருக்குக் கிழக்கே கடல், வடக்கே முகத்துவாரம், மேற்கே ரயில் பாதை, தெற்கே போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள். அந்த லாரி வரிசையில் ஆம்புலன்ஸே திணறுகிறது, ஊரே ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? கசிவு என்று தகவல் வந்த உடனே லாரிகளை எங்கே நிறுத்திப் பாதையைத் திறப்பது என்று போக்குவரத்துக் காவல்துறையோடு யாராவது பேசி வைத்திருக்கிறீர்களா? நடக்க முடியாத பாட்டியும், டயாலிசிஸ் செய்துகொண்டு படுத்திருப்பவரும், நிறைமாதக் கர்ப்பிணியும் எந்தெந்த வீட்டில் என்று அங்கன்வாடி அக்காவுக்கும் நகர்ப்புற சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கும் தெரியும். அந்தத் தகவல் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா?

முகக்கவசம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு என்95 கிடக்கிறது, வாயு கசிந்தால் அதைப் போட்டுக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது தூசியையும் துளியையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அம்மோனியாவுக்கென்று தனி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், அது ஆலைக்குள் வேலை செய்பவருக்கும் தீயணைப்பு வீரருக்கும் கட்டாயம், வீட்டில் இருப்பவருக்கு அது சாத்தியமில்லை. ஆகவே எங்களுக்குக் கவசம் என்றால் அது நேரம்தான். ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்தால் தப்பிக்கலாம்.

ஆனால் ஆபத்து வந்த பிறகு அதைச் சுத்தம் செய்ய எங்கள் ஆட்களை இறக்கும்போது கவசம் தராமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடற்கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது வாளியால் அள்ளினார்கள். சரி, அப்போது எதிர்பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் போதுமான கையுறையும் பூட்ஸும் இல்லாமல் படகில் போய்க் கையால் அள்ளினார்கள், தோல் எரிச்சலோடும் தலைவலியோடும் திரும்பினார்கள். கச்சா எண்ணெயிலிருந்து ஆவியாகும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆறு வருட இடைவெளி இருந்தும் அதே வாளி, அதே வெறுங்கை. இதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது. அந்த எண்ணெய் கையிலிருந்து முழுசாகப் போவதற்கு முன்பே அம்மோனியாவும் வந்துவிட்டது. அந்தப் புயலில் கடலடியில் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று பின்னால் நிபுணர் குழு சொன்னது. அப்படியானால் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் குழாயைப் பரிசோதித்து, பரிசோதித்த முடிவை ஊர் மக்களிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி இயக்க வேண்டும் என்று ஏன் எழுதி வைக்கக் கூடாது?

சைரன் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை நண்பகலில் ஊர்ச் சைரன்களை அடித்துப் பார்க்கிறார்கள். அதனால் சைரன் வேலை செய்கிறது என்பது அதிகாரிக்கும் தெரியும், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். இங்கே ஆலைக்குள் அடிக்கிற சங்குக்கும் ஆபத்துச் சங்குக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரியும்? 2023 அக்டோபரில் எங்கள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது, மாதிரி அவசர எச்சரிக்கை என்று செய்தி வந்தது. தொழில்நுட்பம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதத்தில் வந்த நிஜ ஆபத்தில் மக்களை நெடிதான் எழுப்பியது. கடல்மேல் இருக்கும்போது சிக்னல் இருக்காது, இரவில் பலர் போனை அணைத்து வைப்பார்கள், ஆகவே போன் மட்டும் போதாது, சைரனும் வேண்டும், கோயிலிலும் மசூதியிலும் சர்ச்சிலும் இருக்கும் ஒலிபெருக்கியும் வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் முன்பே பதிவு செய்து வைக்கலாம், ஆலைகளைச் சுற்றித் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிகளும் மனிதர்கள்தானே. உயரமான தண்ணீர்த் தொட்டிகளில் காற்றின் திசை காட்டும் துணிப்பைகளைக் கட்டிவிட்டால் புதிதாகக் குடிவந்தவருக்கும் ஒரு பார்வையில் திசை தெரியும். அதற்கு என்ன செலவாகிவிடும்?

இதையெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள், ஆலையை மூடு என்று போராடுவார்கள் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். எண்ணூர் மக்கள் ஏற்கனவே மாதக்கணக்கில் போராடினார்கள், அவர்களுக்கு யாரும் பயத்தைக் கற்றுத் தரவில்லை. 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மணலியில் ஒரு கிடங்கில் சுமார் 700 டன் அதே பொருள் பல வருடமாக இருந்தது எங்களுக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக அதை அப்புறப்படுத்தினீர்கள். அதுவரைக்கும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியது உண்மை. அந்த மாதிரி நிம்மதி எங்களுக்கு வேண்டாம். ஆபத்து இருக்கும் இடத்தில் பயப்படுவது எங்கள் உரிமை, அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்வதும் எங்கள் உரிமை. ஆலை இங்கே இருக்கலாமா கூடாதா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும், எனக்கும் அதில் அழுத்தமான கருத்து இருக்கிறது. அந்த வாதம் முடியும் வரைக்கும் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தானே தூங்குகிறோம்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு குப்பத்திலும் ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் போடுங்கள். காலையில் வைக்காதீர்கள், கடலுக்குப் போனவர்கள் அப்போதுதான் கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள், மாலையில் வையுங்கள். பெண்களை முதலில் கூப்பிடுங்கள், இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் போவது அவர்கள்தான். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி நேரில் வர வேண்டும், மக்கள் தொடர்பு அதிகாரியை அனுப்ப வேண்டாம். எந்த ஆலையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கசிந்தால் எங்கள் தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், எந்த எண்ணைக் கூப்பிட்டால் ராத்திரி யார் எடுப்பார்கள் என்பதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள், ரேஷன் கடையிலும் பள்ளியிலும் ஒட்டுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் அதே தாளைக் கொடுங்கள், என்ன வாயுவைச் சுவாசித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று வாசலில் ஓடிவந்தவர்களிடமே டாக்டர் கேட்கும் நிலைமை வரக்கூடாது. அப்புறம் ஒத்திகையை ஒரு முறையாவது நள்ளிரவில் நடத்துங்கள், முன்கூட்டித் தேதி சொல்லியே நடத்துங்கள். கூட்டத்துக்கு இடம் பார்க்க வேண்டும், நாற்காலி போட வேண்டும், வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றால் அந்த வேலையை நாங்கள் செய்கிறோம். நீங்கள் வரும் தேதியை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து ஒருவன்